ஒரு சீட்டுக்கட்டு போதும்: ரெய்னர் க்னிட்சியாவின் வியூக ஆட்டங்களைப் புதுச்சேரி வீட்டில் தொடங்குவது எப்படி

ரெய்னர் க்னிட்சியா 1957-இல் ஜெர்மனியில் பிறந்தவர். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, 1997-இலிருந்து ஆட்டம் வடிவமைப்பதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். வெளிவந்தவை 700-க்கும் மேல். எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: எதையும் வாங்காதீர்கள். இறக்குமதிப் பெட்டிகளின் விலை அதிகம். அவருடைய சிறந்த ஆட்டங்களில் இரண்டு மூன்றை வீட்டிலிருக்கும் பொருளை வைத்தே ஆடிப் பார்க்கலாம். பிடித்தால் பெட்டி வாங்குங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவர் ஆட்டங்களில் விதி கொஞ்சம்தான். சூட்சுமமெல்லாம் மதிப்பெண் கணக்கில் இருக்கிறது. யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கணக்கை முதலில் சொல்லுங்கள், காய் நகர்த்துவதைப் பிறகு சொல்லலாம்.

இருவருக்கான லாஸ்ட் சிட்டீஸில் (1999) தொடங்குங்கள். ரம்மி ஆடும் 52 சீட்டுக் கட்டில் நாலு ஏஸையும் ஜோக்கர்களையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 48. இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் நான்கும் நான்கு பயணங்கள். 2 முதல் 10 வரை எண் சீட்டு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் பந்தயச் சீட்டு. அசல் பெட்டியில் ஐந்து நிறம், 60 சீட்டு, அமைப்பு இதேதான்.

ஆளுக்கு 8 சீட்டு. உங்கள் முறை வந்தால் ஒரு சீட்டை உங்கள் பக்கம் இறக்க வேண்டும், அல்லது நடுவில் அந்தந்த இனத்துக்கான கழிவுக் குவியலில் போட வேண்டும். பிறகு கட்டிலிருந்தோ ஏதாவது ஒரு கழிவுக் குவியலின் மேலிருந்தோ ஒன்று எடுக்க வேண்டும்; இப்போது போட்டதையே திரும்ப எடுக்கக் கூடாது. ஒரு வரிசையில் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். பந்தயச் சீட்டை எண்களுக்கு முன்னால்தான் வைக்கலாம். கட்டின் கடைசிச் சீட்டை எடுத்ததும் ஆட்டம் முடிந்தது.

ஒரு இனத்தில் ஒரே ஒரு சீட்டு இறக்கினாலும் அந்த வரிசை எண்களின் கூட்டுத்தொகையில் 20 கழியும். மிச்சத்தை, பந்தயச் சீட்டு ஒன்று இருந்தால் இரண்டால், இரண்டு இருந்தால் மூன்றால், மூன்று இருந்தால் நான்கால் பெருக்க வேண்டும். மொத்தம் எட்டுச் சீட்டோ அதற்கு மேலோ இருந்தால் தனியாக 20 கூடும். அதைப் பெருக்கக் கூடாது. கையில் டைமண்ட் ஜாக்கி, 3, 6, 8 இருக்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 17, 20 போக −3, இரட்டித்தால் −6. பின்னால் 9 வந்து சேர்ந்தால் அதே வரிசை +12. அந்த ஒரு சீட்டுக்காகக் காத்திருப்பதா, எதிராளி கையில் இருக்குமோ என்று விட்டுவிடுவதா என்பதுதான் ஆட்டமே.

புதியவர்கள் நான்கு இனத்தையும் தொடங்கிவிடுவார்கள். கட்டில் மிஞ்சுவது 32. கழிவிலிருந்து யாரும் எடுக்காவிட்டால் ஆளுக்கு 16 முறைதான் வரும். அதை நாலாகப் பிரித்தால் ஒரு வரிசை 20-ஐத் தாண்டித் தேறுவதே கஷ்டம். இரண்டு இனம், கை நன்றாக இருந்தால் மூன்று, அவ்வளவுதான். முறை போதவில்லையா? கழிவிலிருந்து எடுங்கள். கட்டு குறையாது, உங்களுக்கு இன்னொரு முறை கிடைத்த மாதிரி.

அடுத்தது ஷாட்டன் டாட்டன், இதுவும் இருவருக்கே. இதற்கு ஆறு நிறத்தில் 1 முதல் 9 வரை, 54 சீட்டு வேண்டும். பின்பக்கம் ஒரே மாதிரி உள்ள இரண்டு கட்டு வாங்குங்கள். முதல் கட்டின் நான்கு இனங்களோடு இரண்டாவதிலிருந்து இரண்டு இனம் சேர்த்து, அவற்றின் மூலைகளில் மார்க்கரால் பச்சையும் நீலமும் பூசுங்கள்; ஏஸ்தான் 1. பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்திய தடம் பின்பக்கம் தெரிந்துவிடும். அசல் ஆட்டத்தின் எல்லைக் கற்களுக்குப் பதிலாக ஒன்பது சோழியை நடுவில் வரிசையாக வையுங்கள். ஆளுக்கு 6 சீட்டு. முறைக்கு ஒன்று இறக்கி, ஒன்று எடுங்கள். ஒவ்வொரு சோழிக்கும் இரு பக்கமும் மூன்று மூன்று சீட்டு சேரும். எவருடைய மூன்று பலமோ அவருக்குச் சோழி: ஒரே நிறத் தொடர் எண் முதலிடம், பிறகு மூன்றும் ஒரே எண், ஒரே நிறம், கலப்புத் தொடர், கடைசியில் வெறும் கூட்டுத்தொகை. ஐந்து சோழி, அல்லது அடுத்தடுத்த மூன்று பிடித்தவருக்கு வெற்றி. எதிராளி வரிசை முடியும் முன்பே, மேசையில் திறந்து கிடக்கும் சீட்டுகளைக் காட்டி "இதை நீ ஜெயிக்கவே முடியாது" என்று நிரூபித்தால் சோழி உங்களுடையது. பலர் இந்த விதியை விட்டுவிட்டு ஆடுகிறார்கள். விட்டால் ஆட்டத்தின் பாதி போய்விடும்.

மூன்று முதல் ஐந்து பேர் இருந்தால் ஏல ஆட்டம். மாடர்ன் ஆர்ட் (1992) பெட்டியாகத்தான் வாங்க வேண்டும், ஆனால் கொடுக்கும் காசுக்கு முழுத் தகுதி உண்டு. 70 ஓவியங்கள், ஐந்து ஓவியர்கள், நான்கு சுற்று. ஒரு ஓவியரின் ஐந்தாவது ஓவியம் மேசைக்கு வந்ததும், அதை ஏலம் விடாமலே சுற்று முடியும். அதிகம் வெளிவந்த மூன்று ஓவியரின் ஓவியம் ஒவ்வொன்றுக்கும் முறையே 30, 20, 10 ஆயிரம். மற்ற இருவரின் ஓவியத்துக்கு அந்தச் சுற்றில் ஒன்றுமில்லை. முதல் மூன்றில் வருபவருக்கு முந்தைய சுற்றுகளில் கிடைத்த மதிப்பும் சேரும்.

இங்கே விற்றவருக்குத்தான் பணம் போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 30-க்குப் போகும் என்று நம்பும் ஓவியத்தை 20-க்கு எடுத்தால் உங்களுக்கு லாபம் 10, விற்றவருக்கு 20. பாதிக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ஏலமும் விற்றவரை உங்களுக்கு முன்னால் தள்ளும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவும்போது வேகத்தில் ஏற்றிவிடாமல் இந்தப் பாதிக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓவியத்தை நீங்களே எடுத்தால் பணம் வங்கிக்குப் போகும்.

பெட்டி வேண்டாம் என்றால் ஹை சொசைட்டி, இதுவும் சொத்துகளை ஏலத்தில் எடுக்கும் ஆட்டம்தான். சார்ட் அட்டையில் ஆளுக்கு 11 நோட்டு வெட்டுங்கள்: 1, 2, 3, 4, 6, 8, 10, 12, 15, 20, 25. இதில் சில்லறை கிடையாது. சின்ன நோட்டை முதலிலேயே செலவழித்தவர், பிறகு ஒன்று கூட்ட வேண்டிய இடத்தில் பத்து கூட்ட வேண்டிவரும். முடிவில் கையில் மிகக் குறைந்த பணம் வைத்திருப்பவர், என்ன சொத்து சேர்த்திருந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியே.

டைக்ரிஸ் அண்ட் யூஃப்ரடீஸ் (1997) இவருடைய உச்சம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் இரண்டையாவது ஆடிய பிறகு எடுங்கள். நான்கு நிறத்தில் புள்ளி சேர்ப்பீர்கள். அவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் மதிப்பெண். சிவப்பில் 15, பச்சையில் 2 என்றால் உங்களுக்கு 2. இதை முதல் வாக்கியமாகச் சொல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கினால் எல்லோரும் ஒரே நிறத்தைக் குவித்துவிட்டுக் கடைசியில் கோபித்துக்கொள்வார்கள்.

நம்மூருக்காக ஒரு விஷயம். பீச் ரோட்டில் மாலையில் வண்டி விடுவதில்லை, உட்காரவும் இடம் கிடைக்கும். ஆனால் கடல்காற்றில் சீட்டு நிற்காது. கடலூர் சில்வர் பீச்சும் அப்படித்தான். வீட்டுக்குள் ஆடுங்கள், ஃபேனைக் குறைத்து வையுங்கள். உப்புக்காற்றில் அட்டை ஊறி வளையும். பிளாஸ்டிக் உறை போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வளைந்துவிட்ட சீட்டை வெயிலில் காயவைத்தால் மறுபக்கம் வளையும். கனமான புத்தகத்தின் அடியில் இரண்டு நாள் வைத்தால் நேராகிவிடும்.