பீக்கரில் கலந்தது தொட்டியில் ஏன் கலப்பதில்லை?

அளவைத் தப்பாகப் படிப்பது, வால்வை மூட மறப்பது எல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும். திரவக் கலப்புக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

அதே வேகம், அதே நேரம்

"பீக்கரில் உடனே கலந்துவிட்டதே, தொட்டியிலும் அப்படித்தானே?" இதைக் கேட்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். 1 லிட்டரிலிருந்து அதே வடிவத்தில் 1,000 லிட்டருக்குப் போனால் விட்டம் 10 மடங்கு. கொந்தளிப்பான ஓட்டத்தில் சுழலி (தொட்டிக்குள் சுழன்று கலக்கும் விசிறி) இழுக்கும் திறன், வேகத்தின் மும்மடியையும் விட்டத்தின் ஐந்தாம் மடியையும் பொறுத்தது. அதே ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் மொத்தத் திறன் 1,00,000 மடங்கு, லிட்டருக்கு 100 மடங்கு. எந்த மோட்டார் தாங்கும்? சரி, லிட்டருக்கு அதே திறன் போதும் என்று வேகத்தைக் குறைத்தால், தொட்டி முழுக்கக் கலக்க ஏறக்குறைய 4.6 மடங்கு நேரமாகும்.

ஒரு புதியவர் இந்தக் கணக்கையெல்லாம் சரியாகவே போட்டார். அப்புறம் அமிலத்தை மட்டும், பீக்கரில் விட்ட அதே நேரத்துக்குள், மேலிருந்து ஊற்றிவிட்டார். விழுந்த இடத்தில் அமிலம் அடர்ந்து நின்றது. வேண்டாத பக்கவினை அங்கேயே முடிந்துபோனது. மாதிரி எடுத்துப் பார்த்தால் தொட்டி முழுக்க ஒரே சீராக மாசு! "இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டட்டுமா?" என்றார். நடந்த வினை ஓட்டினால் திரும்புமா? மொத்தச் சரக்கும் வீண்.

வினை வேகமானது என்றால், குழாய் வைத்துச் சுழலிக்குப் பக்கத்தில் விடுங்கள். ஆற்றல் அதிகம் சிதறுவது அங்கேதான். திரவ இழைகள் அங்கே சீக்கிரம் மெலியும். விடும் நேரத்தையும் நீட்டுங்கள். குழாயின் வாய் அகலமாக இருக்கக் கூடாது. இருந்தால் தொட்டித் திரவம் உள்ளே ஏறி, வினை குழாய்க்குள்ளேயே நடக்கும்.

நிறத்தை நம்புவது

நிறம் சீரானால் தொட்டி அளவில் கலந்தது என்று பொருள். மூலக்கூறு அளவில் கலந்ததா என்று அது சொல்லாது. தண்ணீரில் உண்டாகும் மிகச் சிறிய சுழலைவிடவும் சுமார் 30 மடங்கு மெல்லிய சாய இழைகள் தனித்து நிற்கும்.

தடுப்புப் பட்டை இல்லாத தொட்டி

தொட்டிச் சுவரில் செங்குத்தாக நிற்கும் பட்டைகள் இல்லாவிட்டால் திரவம் மொத்தமாகச் சுற்றும். நடுவில் அழகாகச் சுழி விழும். சரியாகக் கலக்காது.

நுண்கால்வாயில் பம்ப்பை முறுக்குவது

100 மைக்ரோமீட்டர் அகலம், நொடிக்கு 1 செ.மீ. ஓட்டம் என்றால் தண்ணீருக்கு ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் கொந்தளிக்குமா, அமைதியாகப் போகுமா என்று சொல்லும் எண்) வெறும் 1. பத்து மடங்கு முறுக்கினாலும் 10தான். குழாயில் கொந்தளிப்பு தலைகாட்டவே 2,000 வேண்டும். வேகம் கூடக்கூட, திரவம் கால்வாயில் தங்கும் நேரம்தான் குறையும். சிறு மூலக்கூறு 100 மைக்ரோமீட்டர் விரவ சுமார் 10 நொடி. 10 மைக்ரோமீட்டருக்கு 0.1 நொடி. எனவே திரவ அடுக்குகளை மெலிதாக்குங்கள். கால்வாயின் தரையில் செதுக்கும், 2002-இல் வெளியான மீன்முள் வடிவப் பள்ளங்கள் செய்வதும் அதுதான்: ஓட்டத்தை நீட்டி, மடித்து, மறுபடி நீட்டுகின்றன.

கெட்டித் திரவத்துக்கும் இதே கணக்கு

செல்லாது. மேலே சொன்ன திறன் கணக்கு கொந்தளிப்புக்கு மட்டும்.