மூன்று சிக்மாவும் ஒரு தளர்ந்த கேபிளும்: அறிவியல் செய்தி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

அறிவியல் எழுதிப் பழகும் ஏழெட்டு இளைஞர்கள் தங்கள் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். 2025 ஏப்ரலில் ஒரே வாரத்தில் நான்கு கட்டுரைகள் வந்தன. நான்கும் கே2-18பி என்ற கோளைப் பற்றியவை. அதில் மூன்றில் ஒரே வரி, கிட்டத்தட்ட ஒரே சொற்களில்: "அங்கே உயிர் இருப்பது 99.7 சதவீதம் உறுதி."

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் அல்ல. பதினான்கு வருடத்துக்கு முன்பு நானும் இதே குழியில் விழுந்தவன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

ஒளியாண்டைக் கால அளவாக எழுதுவது, ஒரு பில்லியனைப் பத்துக் கோடி என்று போடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை நல்ல பிழைதிருத்துநரே பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பி, வாசகரிடம் உண்மையாகவே போய்ச் சேர்ந்துவிடும் தவறுகளைத்தான் சொல்ல வந்தேன்.

சிக்மாவை "உண்மையாக இருக்கும் வாய்ப்பு" என்று படிப்பது

முதலில் கே2-18பி. சிம்ம ராசி மண்டலத் திசையில், 124 ஒளியாண்டு தொலைவில், ஒரு செங்குறு விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றிவரும் கோள். பூமியைப் போல 2.6 மடங்கு அகலம், எட்டரை மடங்குக்குச் சற்று கூடுதலான நிறை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அந்தக் கோளின் காற்று மண்டலத்தை ஊடுருவி வந்த விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்த்தது. டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவினரான டைமெத்தில் டைசல்ஃபைடு, அல்லது இரண்டுமே அங்கே இருப்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது என்றது. பூமியில் டைமெத்தில் சல்ஃபைடை வெளியிடுபவை பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகள். தடயத்தின் வலு மூன்று சிக்மா. ஒரு முடிவு வெறும் தற்செயலாக வந்திருப்பது எவ்வளவு அரிது என்று காட்டும் புள்ளியியல் அளவுதான் சிக்மா. தற்செயலாக இப்படி அமைய 0.3 சதவீதமே வாய்ப்பு என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

நம் ஆட்கள் உடனே நூறிலிருந்து 0.3ஐக் கழித்தார்கள். 99.7 வந்தது. அதை எடுத்து 'உயிர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். கணக்கு சரிதான். ஆனால் எதன் சதவீதம் என்பது தொலைந்துபோனது.

மூன்று சிக்மா உண்மையில் சொல்வது இவ்வளவுதான்: அங்கே அந்த வேதிப்பொருள் இல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், வெறும் இரைச்சலே இந்த அளவு மேடுபள்ளத்தைக் காட்ட ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. இதைத் திருப்பிப் போட முடியாது. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது என்பதற்காக மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டே போயிருக்கலாம். சித்திரை மாத நடுப்பகலில் சென்னையில் தெரு நனைந்திருந்தால் நான் முதலில் லாரியைத்தான் சந்தேகிப்பேன். அந்தச் சந்தேகத்துக்கு சிக்மாவில் இடமில்லை. அதை நாம்தான் தனியாகக் கொண்டுவர வேண்டும்.

அப்புறம், இது ஒரே கேள்வியும் இல்லை. ஒளியில் தெரியும் மேடு நிஜமா? நிஜமென்றால் அது டைமெத்தில் சல்ஃபைடுதானா, வேறு மூலக்கூறா? அதுதான் என்றால் அதை உண்டாக்கியது உயிரா? மூன்று சிக்மா முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவதை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். மூன்றாவது கேள்வியின் பக்கமே அது போகவில்லை. 67பி என்ற வால்மீனை ரொசெட்டா விண்கலம் அளந்த தரவுகளிலும் டைமெத்தில் சல்ஃபைடு இருந்தது. அந்தப் பனிக்கட்டியில் பாசி மிதக்கவில்லை. சில வாயுக்களின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி ஆய்வகத்திலும் அதை உண்டாக்கியிருக்கிறார்கள். அடுத்த சில வாரங்களில் வேறு குழுக்கள் அதே தரவை வேறு முறையில் அலசிப் பார்த்தபோது முதல் கேள்விக்கான பதிலே ஆட்டம் கண்டது. ஒரு நேர்கோடு போட்டாலே இந்தப் புள்ளிகளுக்குப் பொருந்துகிறதே, அதாவது மேடே தேவையில்லையே என்றார் ஒருவர்.

மதுசூதன் குழுவும், கண்டுபிடிப்பு என்று சொல்லத் தேவையான ஐந்து சிக்மா இன்னும் வரவில்லை, மேலும் 16 முதல் 24 மணி நேரம் தொலைநோக்கி வேண்டும் என்று சொல்லியிருந்தது. அந்த வாக்கியம் நான்கு கட்டுரைகளில் ஒன்றில்கூட இல்லை. 'இந்திய வம்சாவளி விஞ்ஞானி' என்பது நான்கிலும் இருந்தது.

சரி, என் கதை. 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற ஆய்வுக்குழு ஒரு முடிவை வெளியிட்டது. ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள், பாறைகளைத் துளைத்துக்கொண்டு சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலையடிக்கு, ஒளி வந்து சேர வேண்டிய நேரத்தைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டன. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது ஐன்ஸ்டைன் கோட்பாடு. மூன்று அல்ல, ஆறு சிக்மா. ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 2012 ஜூலையில் சொல்லப் போதுமானதாக இருந்தது ஐந்து சிக்மாதான். இது அதற்கும் மேலே. நான் ஒரு வார இதழில் "ஐன்ஸ்டைன் தோற்றார்" என்று தலைப்பு வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். ஆறு சிக்மா என்றால் ஐம்பது கோடியில் ஒரு பங்குகூடப் பிழைக்கு இடமில்லை என்று ஒரு பெட்டிச் செய்தி வேறு.

அந்தப் பெட்டிச் செய்திதான் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது. தலைப்புக்கு ஆசிரியர் மேல் பழி போடலாம். பெட்டியை எழுதியது நான்.

சிக்மா தற்செயலை மட்டும்தான் அளக்கும். கருவியில் உள்ள கோளாறு தற்செயல் அல்ல. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே எடைதான் வரும். நிறுக்க நிறுக்க சிக்மா ஏறும், தப்பு அப்படியே இருக்கும். ஓபெராவில் புளி, சரியாகத் திருகி இறுக்காத ஓர் ஒளியிழைக் கேபிள். ஜிபிஎஸ் கருவியையும் கணினியையும் இணைத்த அந்தக் கேபிள் நேரக் கணக்கைப் பிசகவைத்திருந்தது. 2012 பிப்ரவரியில் இது வெளியே வந்தது. மார்ச்சில் அதே மலைக்கு அடியில் இருந்த இக்காரஸ் என்ற இன்னொரு குழு தனியாக அளந்து, நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்தில்தான் வருகின்றன என்று சொன்னது.

இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க முடியுமா? முடியும். கேபிளை அல்ல, கேள்வியை. 1987இல் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. அதிலிருந்து நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பு வந்தன. ஒளி, வெடிக்கும் விண்மீனின் மேலடுக்கைப் பிளந்து வெளியேறத் தாமதமானது, அவ்வளவுதான். ஓபெரா சொன்ன வேகம் நிஜமென்றால் அவை நான்கு வருடத்துக்கும் மேல் முன்னதாக வந்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை இயற்பியலாளர்கள் அந்த வாரமே கேட்டார்கள். எனக்கும் அது கண்ணில் பட்டது. கட்டுரையின் வேகத்தைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. என் கட்டுரையைக் காலை பிரேயரில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம், நன்றி என்று எழுதியிருந்தார். கேபிள் செய்தி வந்த பிறகு அவருக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை கிழித்துவிட்டு நான்காவது முறை அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை.

சிக்மாவில் இன்னொரு கண்ணியும் உண்டு. பத்து முறை நாணயம் சுண்டி பத்தும் தலையாக விழுவதற்கு வாய்ப்பு 1024இல் ஒன்று. அதிசயம்தான். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் எல்லாரையும் சுண்டச் சொன்னால், யாராவது ஒருவருக்கு அப்படி விழுவது அதிசயமில்லை. 2015 டிசம்பரில் செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டு கருவிகளிலும் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவின் அருகே ஒரு சிறு மேடு தெரிந்தது. புதுத் துகள் என்று நம்பி ஏறக்குறைய ஐந்நூறு கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடு கரைந்துபோனது. இப்படிப் பல ஆற்றல் அளவுகளில், பல இடங்களில் தேடினால் எங்கோ ஓர் இடத்தில் மேடு தெரியத்தான் செய்யும். எத்தனை இடத்தில் தேடினார்கள் என்று கேட்காமல் சிக்மாவை எழுதக் கூடாது.

அப்படியானால் கே2-18பியை எப்படி எழுதுவது? "அந்தக் கோளின் காற்றில், பூமியில் கடலின் நுண்பாசிகள் வெளியிடும் ஒரு வேதிப்பொருள் இருக்கக்கூடும் என்று ஒரு குழு சொல்கிறது. மற்ற குழுக்கள் இதை ஏற்கவில்லை." சப்பென்று இருக்கிறதா? இருக்கட்டும்.

'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லைக் 'கணிசமான' என்று போடுவது

இதுவும் மேலே சொன்ன தவறின் தம்பிதான். மருத்துவ ஆய்வுகளில் அடிக்கடி நடக்கிறது. ஒரு மருந்து ரத்த அழுத்தத்தை 2 புள்ளி குறைத்தது என்று வையுங்கள். இருபதாயிரம் பேரிடம் சோதித்திருந்தால் அந்த இரண்டு புள்ளி தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். புள்ளியியல் மொழியில் அது சிக்னிஃபிகன்ட். தமிழில் "ரத்த அழுத்தம் கணிசமாகக் குறைகிறது" என்று எழுதினால் வாசகர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். 'தற்செயல் என்று ஒதுக்க முடியாத' என்று எழுதுங்கள். நீளம்தான். எத்தனை புள்ளி குறைந்தது என்று எண்ணைப் போட்டுவிட்டால் இந்தச் சொல்லே தேவைப்படாது.

எலி

சோதனை எலியில் நடந்தது என்றால் தலைப்பிலேயே எலி இருக்க வேண்டும்.

சரிபார்க்காத முன்பதிப்பை முடிந்த காரியமாக்குவது

2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளைப் பற்றிய கட்டுரையை, வேறு நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே, இணையத்தில் பொதுவில் போட்டது. சாதாரண அழுத்தத்தில், 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதாக, இருக்கும் என்பது அவர்கள் வாதம். காந்தத்தின் மேல் ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் தூக்கியும் நின்ற கறுப்புத் துண்டின் காணொளியை உலகமே பார்த்தது. எனக்கு வந்த ஒரு கட்டுரை "இனி மின்கட்டணம் பாதியாகும்" என்று முடிந்திருந்தது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் செய்து பார்த்தார்கள், மீக்கடத்தும் குணம் வரவில்லை. கலப்படமாகச் சேர்ந்திருந்த செம்பு சல்ஃபைடுதான் 104 டிகிரி அருகே மின்தடையைச் சட்டென்று மாற்றி ஏமாற்றியது என்று சில வாரங்களிலேயே தெரிந்தது.

முன்பதிப்பைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை என்பது இரண்டாவது வாக்கியத்தில் வர வேண்டும், கடைசிப் பத்தியில் அல்ல.

படம்

கே2-18பியின் நீலக் கடலும் மேகமும் ஓவியர் வரைந்தவை. தொலைநோக்கி பார்த்தது ஒளி கொஞ்சம் மங்கியதை மட்டும்.

எதை அளந்தார்கள் என்று கேட்காமல் ஆண்டை எழுதுவது

நம் ஊர் விஷயம், அதனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். 2022இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் இரும்புக் காலம் கி.மு. 2172 என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்குக் கி.மு. 3345 என்றார்கள். இரண்டையும் எழுதியவர்களில் பலர் "இந்த இரும்புக்கு இத்தனை வயது" என்று எழுதினார்கள். கரிமக் கணிப்பில் அளந்தது இரும்பை அல்ல, அதோடு சேர்ந்து கிடைத்த கரித்துண்டை. கரிக்கும் இரும்புக்கும் ஒரே காலம் என்பது அகழாய்வாளரின் முடிவு. குழியை அவர் எவ்வளவு கவனமாகத் தோண்டினார் என்பதில் அந்த முடிவின் பலம் இருக்கிறது. இந்த இணைப்பை ஒரு வரியில் சொல்லிவிட்டால் செய்தியின் பெருமை குறையாது. சொல்லாமல் விட்டால், நாளைக்கு யாராவது அந்த இணைப்பைப் பிடித்துக் கேள்வி கேட்கும்போது வாசகர் நம்மைத்தான் திட்டுவார்.

"முதன்முறையாக"

வெட்டுங்கள்.

பின்கதையை எழுதாமல் விடுவது

2010 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்து வாழும் நுண்ணுயிரைக் கண்டதாக நாசா ஆய்வாளர்கள் அறிவித்தபோது தமிழிலும் நிறைய எழுதினோம். 2012இல் வேறு குழுக்கள் அந்த உயிரைச் சோதித்து, அதற்கும் பாஸ்பரஸ் வேண்டியிருக்கிறது என்று காட்டின. 2025 ஜூலையில் 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றது, எழுதியவர்கள் ஒப்புக்கொள்ளாத நிலையிலும். முதல் செய்தியை எழுதியவர்களில் எத்தனை பேர் இந்தக் கடைசிச் செய்தியை எழுதினோம்? நான் எழுதினேன், 150 சொல்லில். முன்பு எழுதியது 900 சொல்.

இப்போது ஒரு பழைய டைரி வைத்திருக்கிறேன். பெரிய கண்டுபிடிப்பு எதையாவது எழுதினால் ஒரு வருடம் தள்ளி அதே தேதியில் அதன் பெயரைக் குறித்துவைப்பேன். அந்த நாள் வந்ததும் என்ன ஆயிற்று என்று பார்ப்பேன். ஒன்றும் நடக்கவில்லை என்றால் இன்னொரு வருடம் தள்ளிப் போடுவேன். கே2-18பி அதில் பென்சிலில்தான் இருக்கிறது.