சைனால ஆன்லைன்ல வேலைக்கு ஆள் தேடறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

யிவூ, குவாங்சோ மாதிரி சைனா மொத்த வியாபார ஊர்கள்ல நமக்குன்னு ஒரு ஆள் இருந்தா சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஃபேக்டரிக்கு போய் குவாலிட்டி பாத்துருவாருன்னு நெனச்சு வெளிநாட்டு கம்பெனிக்காரங்க மொதல்ல போறது லிங்க்ட்இன்க்குதான், அங்கயே தப்பு ஆரம்பிச்சிருது. சைனாவுக்குன்னு ஓடிட்டிருந்த லிங்க்ட்இன்ன 2021லயே நிறுத்திட்டாங்க, அதுக்கு பதிலா வந்த இன்கரியர் ஆப்பும் 2023 ஆகஸ்ட்ல மூடியாச்சு. விபிஎன் போட்டு வர்றவங்க இருக்காங்கதான், ஆனா குடோன்ல நின்னு பெட்டிய பிரிச்சு பாக்கற ஆள் பாஸ் ஜிபின், ஜாவ்பின், 51ஜாப்னு சைனாவோட வேலை தேடற தளங்கள் பக்கம்தான் இருப்பாரு.

சரி அங்கயே போஸ்ட் போடலாம்னு போனா சைனா பிசினஸ் லைசென்ஸ கேக்கும். இங்கதான் நெறைய பேர் குறுக்கு வழில எறங்கறாங்க, தெரிஞ்ச சப்ளையர்கிட்ட சொல்லி அவர் பேர்ல போஸ்ட் போட்டு அவர் பே-ரோல்லயே ஆள வச்சிக்கறது. கொஞ்சம் யோசிங்க, சப்ளையர் சம்பளம் குடுக்கற ஆளு அதே சப்ளையரோட சரக்க ரிஜெக்ட் பண்ணுவாரா? அங்க கம்பெனி இல்லன்னா இஓஆர்னு சொல்ற, நமக்கு பதிலா சட்டப்படி முதலாளியா இருந்து சம்பளம் போடற ஏஜென்சி மூலமா முறையா எடுங்க, செலவு ஆகும், ஆனா ஆளுக்கு சட்டப்படி கட்டவேண்டிய பென்ஷன், மெடிக்கல் மாதிரி அஞ்சு இன்சூரன்ஸும் வீட்டுக்கான ஹவுசிங் ஃபண்டும் கட்டுவாங்க. அது இல்லாத வேலைய அங்க உருப்படியான ஆளுங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. கம்பெனி இல்லாம ரெப் ஆபீஸ், அதாவது பிரதிநிதி அலுவலகம் மட்டும் வச்சிருக்கவங்களும் நேரடியா லோக்கல் ஆள எடுக்க முடியாது, ஏஜென்சி வழியாதான்.

இதையெல்லாம் விட பெரிய பிரச்சனை நம்பிக்கை. "வீட்ல இருந்தே வேலை, டாலர்ல சம்பளம், வாட்ஸ்ஆப்ல பேசலாம்"னு ஒரு மெசேஜ் வந்தா அங்க இருக்கவங்களுக்கு மொதல்ல ஞாபகம் வர்றது வேலைன்னு ஏமாத்தி கூட்டிட்டு போய் ஆன்லைன் மோசடி பண்ண வைக்கற மியான்மர் கேம்ப்தான். 2025 ஜனவரில வாங் சிங்ங்கற நடிகர ஷூட்டிங் வேலைன்னு சொல்லி தாய்லாந்துக்கு வரவச்சு மியான்மருக்கு கடத்தினது சைனா முழுக்க பரவுன செய்தி. இந்த நெலமைல நீங்க கூகுள் ஃபார்ம் லிங்க் அனுப்பறீங்க, அது அவங்களுக்கு ஓபனே ஆகாது, ஜிமெயிலும் அப்படித்தான். அவரு பதில் போடாம விட்டுடுவாரு, நீங்க இந்த ஊர்க்காரங்க ரெஸ்பான்ஸே பண்ண மாட்டாங்கன்னு முடிவு பண்ணிருவீங்க. கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன் விவரம், சம்பளம் யார் கைலேர்ந்து வரும், டேக்ஸ் புடிக்கறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு மொத மெசேஜ்லயே சொல்லிட்டு வீசாட்லயோ டென்சென்ட் மீட்டிங்லயோ முகத்த காட்டி பேசுங்க.

பதில் போடற வேகமும் முக்கியம். பாஸ் ஜிபின் முழுக்க சாட்தான், நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டீங்கன்னா அதுக்குள்ள அந்தாளு வேற பத்து பேர்கிட்ட பேசிருப்பாரு. இந்தியாலேர்ந்து காலைல 9:30க்கு மெசேஜ் போட்டா அங்க மணி 12, எல்லாரும் சாப்பிட போயிருப்பாங்க.

டிகிரி சர்டிஃபிகேட் ஃபோட்டோவ நம்பாதீங்க, டிகிரிய சரிபாக்கற சைனாவோட அதிகாரபூர்வ சிஎச்எஸ்ஐ தளத்துல இருந்து வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் அவங்களே எடுத்து குடுக்கலாம், கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஆனா ஒரிஜினல் ஐடி கார்ட வாங்கி வச்சிக்கறதோ டெபாசிட் கேக்கறதோ சட்டப்படி கூடாது. ஆஃபர் குடுக்கறதுக்கு முன்னாடியே ஐடி நம்பர், ஃபேமிலி விவரம்னு எல்லாத்தையும் கேட்டு எக்செல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்பறதும் வம்புதான், 2021 நவம்பர்ல இருந்து தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு சட்டம் நடைமுறைல இருக்கு.

அங்க சொந்த கம்பெனி வச்சிருக்கவங்க செய்யற தப்பு வேற, ட்ரையல் பாத்துட்டு அப்பறம் கான்ட்ராக்ட் போடலாம்னு இழுக்கறது. வேலைக்கு சேந்த ஒரு மாசத்துக்குள்ள எழுத்துல கான்ட்ராக்ட் இல்லன்னா ரெண்டாவது மாசத்துலேர்ந்து டபுள் சம்பளம் குடுக்கணும். ஒரு வருஷத்துலேர்ந்து மூணு வருஷத்துக்கு கம்மியான கான்ட்ராக்ட்டுக்கு ப்ரொபேஷன் அதிகபட்சம் 2 மாசம்தான், ஆறு மாசம்லாம் போட முடியாது.

அப்பறம் சைனீஸ் நியூ இயருக்கு முன்னாடி ஆள் கெடைக்கலன்னு பதறி சம்பளத்த ஏத்தாதீங்க. நியூ இயர் போனஸ் கைக்கு வர்ற வரைக்கும் யாரும் வேலைய விட மாட்டாங்க, மார்ச் ஏப்ரல்லதான் எல்லாரும் மாறுவாங்க, போஸ்ட்ட அப்ப போடுங்க.