டிரெய்லர் இழுக்கும்போது பின்பக்கம் ஆடியது, டயரில் இருந்தது கோளாறு

கொலராடோவில் எங்கள் பிக்கப் வண்டியில் கேம்பர் டிரெய்லரை (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) மாட்டிக்கொண்டு ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது, பக்கத்தில் பெரிய லாரி ஏதாவது கடந்தால் போதும், வண்டியின் பின்பக்கம் மிதப்பதுபோல் ஆடும். டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் மீது இறங்கும் எடையைச் சரிபார்த்தேன், பயனில்லை. கடைசியில் டயரின் பக்கவாட்டில் இருந்ததைப் படித்தேன். அளவு 275/65ஆர்18, சுமை எண் 116, அதாவது ஒரு டயருக்கு 1,250 கிலோ. அதுவும் கார் வகை டயர் என்பதால் பிக்கப்பில் போட்டால் 1.1-ஆல் வகுக்க வேண்டும், மிஞ்சுவது சுமார் 1,136 கிலோதான்.

அதே அளவில் எல்.டி. (லைட் டிரக், அதாவது சிறு லாரி) வகை, அதிகச் சுமை தாங்கும் 'இ' வரம்பு, எல்லாப் பாதைக்கும் ஏற்ற ஆல்-டெரெய்ன் டயர் வாங்கினேன். சுமை எண் 123, 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 1,550 கிலோ தாங்கும். கடையில் பழைய டயருக்கான 35 பி.எஸ்.ஐ. காற்றையே அடித்துக் கொடுத்துவிட்டார்கள், ஆட்டம் அப்படியே இருந்தது. அப்புறம் டயரின் சுமை அட்டவணையைப் பார்த்து, பின்பக்கம் 60 வைத்தேன், நின்றது. காலி வண்டி கொஞ்சம் தூக்கிப்போடும், மைலேஜும் குறையும், பரவாயில்லை, பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-வது வாரம் செய்த டயர்.