அடியில் நங்கூரம் இருந்தால் மட்டும் போதாது

பழைய ஆங்கிலேயப் பீங்கான் பொம்மை கையில் கிடைத்ததும் பலரும் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து முத்திரையைத் தேடுவார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. லண்டன் செல்சீ பீங்கான் தொழிற்சாலையின் முத்திரையான நங்கூரம் 1752 வாக்கில் சிவப்பு, 1756 முதல் 1769 வரை பொன் நிறம். எதுவானாலும் பொடி அளவுதான், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பெரிய பொன் நங்கூரம் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பாரிஸில் 1845இல் தொடங்கிய சாம்சன் நிறுவனமும் இன்னும் பலரும் செல்சீ பொம்மைகளைத் தாராளமாக நகலெடுத்திருக்கிறார்கள்.

முத்திரை இல்லையே என்று நல்ல பொம்மையை ஒதுக்குகிறவர்களும் உண்டு. இங்கிலாந்தின் டார்பி நகரத் தொழிற்சாலையில் 1770க்கு முன் செய்த பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. ஆனால் பலவற்றின் அடியில் மூன்று நான்கு மங்கிய வட்டத் திட்டுகள் இருக்கும். சூளையில் களிமண் உருண்டைகள் மேல் நிறுத்திச் சுட்ட தடம் அது. எனக்கு நங்கூரத்தைவிட அந்தத் திட்டுகள் மேல்தான் நம்பிக்கை.

அப்புறம், கைகளைப் பாருங்கள். இந்தப் பொம்மைகளில் வரும் ரோமானியத் தெய்வங்களைக் காட்டிக்கொடுப்பது கையிலும் காலடியிலும் இருப்பவைதான். நெப்டியூனுக்குத் திரிசூலமும் டால்ஃபினும், ஜூபிட்டருக்கு இடியும் கழுகும், மினர்வாவுக்கு ஈட்டியும் ஆந்தையும். மயிலைக் கண்டால் நமக்கு முருகன் நினைவு வரும். அங்கே அது ஜூனோவின் பறவை. இருநூற்றைம்பது ஆண்டுகளில் முதலில் உடைவதும் இந்த நீட்டிய கைகளும் ஆயுதங்களும்தான். பழுது பார்ப்பவர் ஏதோ ஒன்றைச் செருகிவிட்டால் தெய்வமே மாறிவிடும். நெற்றியில் பிறை, காலடியில் வேட்டை நாய், கையில் மட்டும் பூங்கொத்து என்று ஒரு பொம்மை வந்தால், பூக்களின் தேவி ஃப்ளோரா என்று விற்பவர் சொல்லலாம். அது பெரும்பாலும் வில்லைப் பறிகொடுத்த வேட்டைத் தேவி டயானாவாகத்தான் இருக்கும்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பல ஒட்டுவேலைகளின் மேற்பூச்சு தனியாகத் தெரியும், எல்லாமே தெரிந்துவிடாது. ஒட்டியிருப்பது குற்றமில்லை, முழுப் பொம்மையின் விலையை அதற்குக் கொடுப்பதுதான் நஷ்டம். விரல் போனது போனபடியே இருக்கும் பொம்மையை நான் யோசிக்காமல் வாங்குவேன்.

ஜோடி என்று சொல்லி விற்பதையும் அப்படியே நம்பவேண்டாம். பீடமும் உயரமும் வண்ணமும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, வாங்கி வந்தாயிற்று. அழுக்கைப் போக்க ஊறவைத்துவிடாதீர்கள், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். பொம்மையின் உள்ளே பொள்ளல்; அடித்துளை வழியே தண்ணீர் புகும். பழைய பசை இளகினால், காலையில் நெப்டியூனின் கை வாளியின் அடியில் கிடக்கும்.