பருந்தின் சிறகடியில் வெளிச்சம் விழ: படமெடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழவேற்காட்டில் விடியற்காலையில் மீன்பிடிப் படகுகள் கரை சேரும்போது செம்பருந்துகள் வந்து தலைக்கு மேலே சுற்றத் தொடங்கும். நல்ல லென்ஸோடு நிற்பவர்கள் பலரும் வீடு திரும்பிப் பார்த்தால், வெளுத்த வானமும் அதன் நடுவே கறுத்த உருவமும்தான் மிஞ்சியிருக்கும். வெள்ளைத் தலையும் செங்காவிச் சிறகும் கொண்ட அந்த அழகிய பறவை படத்தில் காக்கையாகிவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் எடுத்தேன். வெளிச்சம் பறவையின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பாராமல் பொத்தானை அழுத்தியதுதான் காரணம். கேமராமீது குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

முதல் தவறு, எந்த இடமானாலும் அதிகாலையே சிறந்த நேரம் என்று நம்புவது. கழுகும் பருந்தும் சிறகசைக்காமல் வட்டமிடுவதற்குச் சூடான காற்று மேலெழ வேண்டும். அதற்கு முதலில் தரை காய வேண்டும். சமவெளியில் சூரியன் உதித்து இரண்டு, மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குள் பொன்னொளி போய்விடும். உச்சி வெயில் சிறகின் மேற்புறத்தில் மட்டும் அடித்து, நமக்குத் தெரியும் அடிப்புறத்தை இருளில் விட்டுவிடும். ஆக, நல்ல ஒளி இருக்கும்போது பறவை மரத்தில் இருக்கிறது, பறவை எழும்போது ஒளி கெட்டுவிடுகிறது. எனவே வெப்பத்தை நம்பாமல் அவை பறக்கும் இடத்தைத் தேட வேண்டும். மீன் இறங்கும் கரை அப்படி ஓர் இடம். மலைச்சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும் முகடுகள் இன்னொன்று. மாலையில் பருந்துகள் கூட்டமாக அடையும் மரங்களின் அருகேயும் வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டுப் பாடங்களில் ‘பொன்னொளி நேரம்’ என்று தாராளமாக எழுதியிருப்பார்கள். டிசம்பரில் லண்டனில் நண்பகலில்கூடச் சூரியன் சுமார் 15 பாகைக்கு மேல் ஏறாது. சென்னையில் அதே மாதத்தில் சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலிலேயே அந்த உயரத்தைத் தொட்டுவிடும், பிறகும் விறுவிறுவென்று ஏறும். தேன் நிற ஒளி நமக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. சூரியன் எழுந்த பிறகு இடம் தேடி நடப்பவர் அதில் பாதியை இழந்துவிடுவார்.

காற்றின் திசையைப் பார்க்காமல் நிற்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பருந்து காற்றை எதிர்த்தே மிதக்கும். கிழக்குக் கடற்கரையில் பல காலைகளில் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். அப்போது கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அழகிய வெளிச்சத்தில் வால் மட்டும்தான் தெரியும். கிழக்கிலிருந்து கொண்டல் வீசும் காலையில் காற்றும் வெயிலும் ஒரே பக்கத்திலிருந்து வருவதால், பறவை உங்களைப் பார்த்தபடி மிதக்கும், அதன் கண்ணிலும் ஒளி விழும். தென்மேற்குப் பருவ மாதங்களில் மேற்கிலிருந்து வரும் மாலைநேர மேல்காற்றும் அதே உதவியைச் செய்யும். அன்றைய காற்று என்னவென்று கரையில் இருக்கும் மீனவரிடம் கேளுங்கள். அவருக்கு அது தெரியாமல் இருக்காது.

வட்டமிடும் பறவையைக் கண்டதும் நிறுத்தாமல் படமாகச் சுட்டுத்தள்ளுவது அடுத்த தவறு. திரும்பும் பறவை வட்டத்தின் மையத்தை நோக்கிச் சாய்கிறது. அதனால் வட்டத்தின் அருகுப் பக்கத்தில் அதன் அடிவயிறு நம் பக்கம் திரும்பும். எதிர்ப்பக்கத்தில், பறவை அதிக உயரத்தில் இல்லையென்றால், முதுகு தெரியும். தாழ்ந்த சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால் இந்த இரண்டு நொடிகளிலும் சிறகு முழுக்க ஒளிரும். இரண்டு சுற்றுகளைச் சும்மா பாருங்கள். மூன்றாவது சுற்றில் எப்போது அழுத்த வேண்டும் என்பது உங்களுக்கே பிடிபடும்.

காலடியில் என்ன இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். வெண்மணல், ஆழமற்ற நீர், உப்பளம் ஆகியவை வெயிலை மேல்நோக்கித் திருப்பி அனுப்பும். மரக்காணம் உப்பளங்களின் மேலே தாழப் பறக்கும் பருந்தின் அடிச்சிறகில், வெயில் சற்று ஏறிய பிறகும் இறகு இறகாக விவரம் தெரியும். அதே நேரத்தில் அடர்ந்த தோப்பின் மேலே பறந்தால் அடிப்புறம் இருண்டுதான் கிடக்கும்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். பளிச்சென்ற வானத்தைக் கண்டால் அது படத்தை இருட்டாக்கும். மலையில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனை போன்ற இடங்களில் கழுகு கண்மட்டத்துக்குக் கீழேயும் கடக்கலாம். பின்னணியில் இருண்ட பள்ளத்தாக்கு இருப்பதால் கேமரா படத்தை வெளுக்கவிடும். ஒரே பறவை வானத்திலிருந்து சரிவுக்கு இறங்கும் சில நொடிகளில் இரண்டு பிழைகளும் நேரலாம். எனவே அளவுகளை நீங்களே அமைக்கும் மேனுவலில் வையுங்கள். தெளிந்த வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400, லென்ஸின் திறப்பு எஃப் 8, ஷட்டர் வேகம் நொடியில் 1600-இல் ஒரு பங்கு என்று தொடங்கலாம். விடியலின் மெல்லொளிக்கு ஐ.எஸ்.ஓ.வை உயர்த்திக்கொள்ளுங்கள். செம்பருந்தின் வெள்ளைத் தலை வெளுத்துப்போகாத அளவே எல்லை. தலையின் இறகு விவரம் போய்விட்டால் பிறகு மீட்க முடியாது. பாயும் பறவைக்கு ஷட்டர் வேகம் 2500-இல் ஒரு பங்காவது வேண்டும்.

படத்தின் நிறச் சமநிலையை அமைக்கும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், நீங்கள் தேடிவந்த பொன்னிறத்தையே அது பிழை என்று எண்ணித் திருத்திவிடக்கூடும். பகல்வெளிச்சத்தில் நிலையாக வைத்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் தொலைவுப் பறவை கூர்மையின்றி வந்தால் லென்ஸைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள். சூடான தரைக்கு மேலே அலையும் காற்றின் வேலை அது. எந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது.

கூட்டருகே போய்ப் படமெடுப்பதை எந்த ஒளியும் நியாயப்படுத்தாது. மோயாறு பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகள் ஆற்றோர மரங்களில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகின்றன. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து சேர்ந்த சடலங்களைத் தின்று நாடெங்கும் இவை மடிந்து, 2006-இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்ட பின் எஞ்சிய கூட்டம் அது. மனிதர் நெருங்கித் தாய்ப்பறவை எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் கிடக்கும்.

பருந்தைத் தாழ வரவழைக்கக் கோழிக்கழிவை எறிபவர்களையும் பார்க்கிறேன். அதற்கு எந்தத் தேவையும் இல்லை. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும் இடத்தில் பொடிமீன் எப்படியும் சிந்தும், பருந்தும் அதற்காகத் தானே இறங்கும். முப்பது அடி தள்ளி, வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தால் போதும்.