கணினித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

கணினியில் கோளாறு என்றால் கைப்பேசியால் திரையைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இன்றும் ஏராளம். அந்தப் படத்தில் கோடு கோடாக அலை ஓடும், டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருக்கும், படிக்க வேண்டிய எழுத்து மட்டும் மங்கிக் கிடக்கும். உதவ நினைப்பவர், "என்ன செய்தி வந்தது?" என்று மறுபடியும் கேட்க வேண்டியதாகிறது. திரையில் இருப்பதை ஒரு புள்ளி பிசகாமல் படமாக்கும் வசதி கணினிக்குள்ளேயே இருக்கிறது. அதற்காகப் புதிதாக எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டாம். குறிப்பாக, முன்பின் தெரியாத தளங்களிலிருந்து இறக்கவே வேண்டாம்.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இதைப் பழகுங்கள்: விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ்

ஒரே ஒரு வழிதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். விண்டோஸ் விசை என்பது விசைப்பலகையின் கீழ்வரிசையில் இடப்புறம், நான்கு கட்டங்கள் கொண்ட சின்னத்தோடு இருப்பது.

1. படமெடுக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து வையுங்கள்.
2. விண்டோஸ், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி எஸ் விசையைத் தட்டுங்கள். திரை லேசாக மங்கி, மேலே ஒரு சிறு பட்டை தோன்றும்.
3. தேவையான பகுதியின் ஒரு மூலையில் மவுஸின் இடப் பொத்தானை அழுத்தி, எதிர்மூலை வரை இழுத்து விடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் எஸ்கேப் விசையை அழுத்தி வெளியேறலாம்.
4. மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், வேர்டு என்று படம் எங்கே வேண்டுமோ அங்கே கிளிக் செய்து, கன்ட்ரோல் + வி அழுத்துங்கள். படம் வந்து உட்காரும்.

மூன்றாம் படி முடிந்ததும் "படம் எங்கே போனது?" என்று பலர் திகைத்து நிற்கிறார்கள். அது கிளிப்போர்டு என்னும் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. அடுத்து வேறு எதையாவது நகலெடுத்தால் அந்த இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். ஆகவே எடுத்த கையோடு ஒட்டிவிடுவது நல்லது. விண்டோஸ் + வி அழுத்திக் கிளிப்போர்டு வரலாற்றை ஒருமுறை இயக்கி வைத்தால், அதன்பின் நகலெடுப்பவற்றில் கடைசி 25 வரை அங்கே காத்திருக்கும். இது 2018இல் விண்டோஸ் 10க்கு வந்த வசதி. தெரிந்தவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கோப்பாகச் சேமிக்க வேண்டுமென்றால், படமெடுத்ததும் திரையின் வலது ஓரத்தில் எட்டிப்பார்க்கும் அறிவிப்பைக் கிளிக் செய்யுங்கள். படம் ஒரு சாளரத்தில் திறக்கும். அங்கே கன்ட்ரோல் + எஸ் அழுத்திப் பெயர் கொடுங்கள். விண்டோஸ் 11இன் அண்மைக்காலப் பதிப்புகள், நாம் கேட்காமலே பிக்சர்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உட்கோப்புறையிலும் ஒரு பிரதியை வைத்துவிடுகின்றன.

பிரிண்ட் ஸ்கிரீன் விசை

விசைப்பலகையின் மேல்வரிசையில், வலப்பக்கம், பெயரைச் சுருக்கி அச்சிட்டிருப்பார்கள். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஷிஃப்ட்டோடு இதை அழுத்தினால் திரையிலுள்ள எழுத்துகள் நேரே பிரிண்டருக்குப் போய் அச்சாகும். இப்போது அது படமெடுக்கும் விசை.

தனியாக அழுத்தினால் முழுத்திரையும் கிளிப்போர்டுக்குப் போகும். விண்டோஸ் 11இல் மட்டும், பெரும்பாலும் மேலே சொன்ன பட்டைதான் திறக்கும். பழைய முறையே வேண்டும் என்பவர்கள் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு என்று போய் மாற்றிக்கொள்ளலாம். ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தினால், அப்போது பயன்பாட்டில் இருக்கும் ஒரு சாளரம் மட்டும் படமாகும். விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் மங்கித் தெளியும், முழுத்திரையும் ஸ்கிரீன்ஷாட்ஸ் கோப்புறையில் கோப்பாகவே சேமிக்கப்பட்டுவிடும். இணையவழி வகுப்பைக் கவனித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் படமெடுக்க இதைவிட வசதியான வழி இல்லை.

மடிக்கணினியில் எதுவும் நடக்கவில்லையா? எஃப்என் என்ற விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் ஒரே விசைக்கு இரண்டு வேலைகள் கொடுத்திருப்பார்கள்.

மறைந்துபோகும் மெனுவை எப்படிப் பிடிப்பது?

சில மெனுக்கள் வேறு விசையைத் தொட்டவுடன் மூடிக்கொள்ளும். விண்டோஸோடு வரும் படமெடுக்கும் செயலியான ஸ்னிப்பிங் டூலை ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்தால், அதில் கடிகாரச் சின்னம் ஒன்று இருக்கும். விண்டோஸ் 11இல் 3, 5, 10 விநாடிகள் என்று தாமதம் கொடுக்கலாம். தாமதத்தைத் தேர்ந்து, 'நியூ' பொத்தானை அழுத்திவிட்டு, மெனுவைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். நேரம் முடிந்ததும் அந்த நொடியின் திரை உறைந்து நிற்கும், வேண்டியதை வெட்டிக்கொள்ளலாம்.

திரைக்குள் அடங்காத நீண்ட இணையப் பக்கம்

துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டிய அவசியமில்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அழுத்தினால், மேலிருந்து கீழ்வரை முழுப் பக்கத்தையும் ஒரே படமாக எடுக்கும் தேர்வு வரும்.

படத்தில் எது இருக்க வேண்டும்?

எந்த விசை என்பதைவிட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பிழைச்செய்தியை அனுப்புகிறீர்கள் என்றால் செய்தியின் இரண்டு சொற்களை மட்டும் வெட்டாதீர்கள். சாளரத்தின் தலைப்பு, பிழை எண், நீங்கள் கடைசியாக அழுத்திய பொத்தான் எல்லாம் தெரியட்டும். ஆல்ட் + பிரிண்ட் ஸ்கிரீன் இதற்குப் பொருத்தம். விண்டோஸின் வழக்கமான செய்திப்பெட்டி என்றால், அது திறந்திருக்கும்போதே கன்ட்ரோல் + சி அழுத்துங்கள். உள்ளே இருக்கும் வாசகம் எழுத்தாகவே நகலாகிவிடும். தேடுபொறியில் ஒட்டிப் பார்க்கலாம்.

விண்ணப்பமோ கட்டணமோ செலுத்திய கடைசிப் பக்கம் என்றால் நேர்மாறு: முழுத்திரையையும் எடுங்கள். விண்ணப்ப எண், தொகை, பரிவர்த்தனை எண், முகவரிப்பட்டை, மூலையில் உள்ள தேதியும் நேரமும் எல்லாம் ஒரே படத்தில் இருந்தால், பிறகு ஏதாவது சிக்கல் வரும்போது தேடி அலைய வேண்டாம்.

படத்தை பிஎன்ஜி வடிவத்திலேயே வைத்திருங்கள். ஜேபெக் வடிவம் எழுத்துகளின் விளிம்பைக் கலங்கடித்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்தால் தெளிவு குறையாது.

அனுப்பும் முன் மறைக்க வேண்டியவை

இதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முழுத்திரைப் படத்தில் திறந்திருக்கும் மற்ற தாவல்கள், மின்னஞ்சல் முகவரி, மூலையில் வந்த அறிவிப்பு எல்லாம் பதிவாகிவிடும். வங்கிக் கணக்கு எண், அடையாள அட்டை எண் போன்றவற்றை மறைக்க ஹைலைட்டர் பேனாவால் பூசுகிறார்கள் சிலர். அது ஒளி ஊடுருவும் நிறம். கைப்பேசியில் வெளிச்சத்தைக் கூட்டினாலே அடியில் இருப்பதைப் பெரும்பாலும் படித்துவிடலாம். மங்கலாக்குவதும் போதாது; மங்கிய எண்களைக் கணித்து மீட்கும் முறைகள் இருக்கின்றன. பெயிண்ட்டில் படத்தைத் திறந்து, உள்ளே கறுப்பு நிறம் நிரம்பிய செவ்வகத்தை அதன்மேல் வரைந்து சேமிப்பதே பாதுகாப்பு.

2023 மார்ச்சில் ஒரு குறை வெளியே வந்தது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு படத்தை வெட்டி அதே கோப்பின்மேல் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் கடைசியில் அப்படியே தங்கியிருந்தது. அதிலிருந்து மறைத்த பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டுவிட்டது. ஆனால் கணினியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. அதற்கு முன்பு அப்படி வெட்டி அனுப்பிய பழைய படங்களுக்கும் அது பொருந்தாது.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 3 முழுத்திரையை எடுக்கும், 3க்குப் பதில் 4 அழுத்தினால் தேர்ந்த பகுதியை எடுக்கும். 4 அழுத்தியபின் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் ஒரு சாளரத்தை மட்டும் எடுக்கலாம். படங்கள் டெஸ்க்டாப்பில் வந்து விழும். 2018இல் வந்த மொஹாவே என்ற மேக் இயங்குதளப் பதிப்பு முதல், அதே இடத்தில் 5 அழுத்தினால் எல்லாத் தேர்வுகளும் ஒரே பட்டையில் கிடைக்கின்றன. லினக்ஸில், உபுண்டு போல க்னோம் என்ற திரைச்சூழலோடு வரும் பதிப்புகளில் பிரிண்ட் ஸ்கிரீன் விசை ஒன்றே போதும்.

திரைப்பட, தொடர் தளங்களில் ஓடும் காட்சியைப் படமெடுத்தால் வெறும் கறுப்பாக வரலாம். அதைக் கண்டு கணினி பழுதாகிவிட்டதோ என்று பயப்படாதீர்கள். நகலெடுப்பதைத் தடுக்க அந்தத் தளங்கள் போட்டிருக்கும் பூட்டு அது.